உதவாத பொருளுக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள்

ஒரு பொருளையோ ஆளையோ எதற்கும் உதவாது என்று வெளிப்படையாகச் சொல்வதில் ஆங்கிலேயர்களுக்கு அவ்வளவு விருப்பம் இருப்பதில்லை. எவ்வளவு உதவும் என்று அளந்து காட்டுவதுபோலத் தொடங்கி, சாக்லேட்டில் செய்த தேநீர்க் கெண்டி உதவும் அளவுக்கு உதவும் என்று முடிப்பதே அவர்களுடைய பேச்சு வழக்கு. தொடரின் முன்பாதி தோளில் தட்டிக் கொடுக்கிறது. பின்பாதி காலை வாரிவிடுகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று அந்த மொழி போன இடமெல்லாம் இப்படிப்பட்ட தொடர்கள் பெருகிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது: இந்தக் கேலிக்கு ஆளாகும் பொருள்களில் உண்மையிலேயே மட்டமானவை மிகக் குறைவு. சாக்லேட்டில் குற்றமில்லை, தேநீர்க் கெண்டியிலும் குற்றமில்லை; இரண்டையும் கொண்டுபோய் ஒன்றாக வைத்ததில்தான் எல்லாம் கெட்டது. உதவாமை என்பது பொருளின் குணமாக இல்லாமல் அது வந்து சேர்ந்த இடத்தின் குணமாக இருப்பதால்தான், இந்தத் தொடர்களில் பல நடைமுறையில் அடிக்கடி பொய்த்தும் போயிருக்கின்றன.

சாக்லேட் தொடரையே எடுத்துக்கொள்ளலாம். வட இங்கிலாந்தில், குறிப்பாக லங்காஷயர் பக்கத்தில், அதன் இன்னொரு வடிவம் வழங்குகிறது. அங்கே தேநீர்க் கெண்டிக்குப் பதிலாகச் சாக்லேட்டில் செய்த கணப்புத் தடுப்பைச் சொல்வார்கள். கணப்புத் தடுப்பு என்பது வீட்டுக்குள் நிலக்கரி எரியும் அடுப்பின் முன்னால் நிறுத்தும் கம்பி வலைச் சட்டம். நிலக்கரியை நம்பி வாழ்ந்த அந்த ஊர்களில் குளிர்காலம் முழுவதும் கூடத்தில் தீ எரிந்துகொண்டிருக்கும், தவழும் குழந்தையும் அதே கூடத்தில்தான் இருக்கும். 1908ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குழந்தைகள் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தடுப்பில்லாத கணப்புள்ள அறையில் விட்டு, அதனால் குழந்தை இறந்தாலோ கடுமையாகக் காயமடைந்தாலோ பொறுப்பாளருக்குத் தண்டனை உண்டு என்று விதித்தது. சட்டம் போடும் அளவுக்கு வீட்டுக்கு வீடு தேவைப்பட்ட பொருள் என்பதால்தான், அதைச் சாக்லேட்டில் செய்தால் என்ன ஆகும் என்ற கற்பனை கேட்டவுடன் சிரிப்பை வரவழைத்தது. இதே வடக்குப் பகுதியில் வழங்கும் மற்றொரு பேச்சு இன்னும் சுருக்கமானது: ‘உதவிக்கும் இல்லை, அலங்காரத்துக்கும் இல்லை.’ வேலை செய்யாமல் நடுவில் நின்றுகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து அம்மாக்கள் சொல்வது.

சாக்லேட் உருகுவதற்குக் காரணம் அதிலுள்ள கொக்கோ வெண்ணெய். நல்ல சாக்லேட்டில் அது ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். மனித உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதனாலேயே அது கையில் கெட்டியாகவும் வாயில் குழைவாகவும் இருக்கிறது. தேயிலைக்கு ஊற்ற வேண்டிய நீரோ கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் கெண்டி ஒரு நொடியும் தாங்கக் கூடாது. ஆனால் 2014இல் யார்க் நகரிலுள்ள நெஸ்லே ஆய்வுக்கூடத்தில் ஜான் காஸ்டெல்லோ என்ற சாக்லேட் வல்லுநரும் அவருடைய குழுவினரும், 65 விழுக்காடு கொக்கோ கொண்ட கறுப்புச் சாக்லேட்டில் தடித்த சுவருடன் ஒரு கெண்டி செய்து, அதில் கொதிநீர் ஊற்றித் தேநீரும் போட்டுக் காட்டினார்கள். கெண்டி இரண்டு நிமிடம் தாங்கியது. சாக்லேட் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உட்புறத்தில் ஒரு படலம் உருகினாலும், சுவர் தடிமனாக இருந்தால் வெளிப்புறம் கொஞ்ச நேரம் கெட்டியாகவே நிற்கும். கரண்டியை விட்டுக் கலக்காமல் இருப்பது மட்டும் முக்கியம். ஒரு வசவின் உண்மைத்தன்மையைச் சோதிக்க ஓர் ஆய்வுக்கூடமே இறங்கியதை வீண் வேலை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். என் கணக்கில் இது அந்தத் தொடருக்குக் கிடைத்த பெரிய மரியாதை.

ஆஸ்திரேலியர்களின் கற்பனை இதைவிட முரட்டுத்தனமானது. மோட்டார் சைக்கிளில் பொருத்திய சாம்பல் கிண்ணம், கழிப்பறைக்குப் போட்ட கண்ணாடிக் கதவு என்று போகும் அவர்களுடைய பட்டியலில், காளை மாட்டின் மடிக்காம்புக்கு நிரந்தரமான இடம் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதி விவசாயிகள் அதே உறுப்பை ஆண் பன்றிக்கு மாற்றிச் சொல்வார்கள். சபையில் சொல்லத் தயங்கும் வகை என்றாலும், இந்த உருவகம் ஆங்கிலத்தின் தனிச்சொத்து இல்லை. சமஸ்கிருதத்தில் நியாயங்கள் எனப்படும் உவமைத் தொடர்களில் ‘அஜாகளஸ்தனம்’ என்று ஒன்று இருக்கிறது. ஆட்டின் கழுத்தில் காம்புபோலத் தொங்கிக்கொண்டு, பால் மட்டும் தராத சதைக்கு அந்தப் பெயர். அறம், பொருள், இன்பம், வீடு நான்கில் ஒன்றைக்கூட அடையாதவனின் பிறவி அந்தச் சதையைப் போல வீண் என்று ஒரு பழைய சுலோகம் சொல்கிறது. ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு ஆளுநர் எதற்கு என்று அண்ணா கேட்டதாகத் தமிழ்நாட்டு அரசியலில் இன்றுவரை எடுத்தாளப்படும் வாசகமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கால்நடையோடு வாழ்ந்த மக்கள் எந்த மொழி பேசினாலும், விலங்கின் உடலில் வேலையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு அவர்கள் கண்ணில் படாமல் போகவில்லை.

இதுவரை சொன்னவை கதை இல்லாத தொடர்கள். கேட்ட மாத்திரத்தில் படம் விழுந்துவிடுவதால் அவற்றுக்குப் பின்கதை தேவைப்படுவதில்லை. பின்கதையோடு வரும் தொடர்களில்தான் சந்தேகம் தொடங்குகிறது. அவற்றில் தலையாயது வெள்ளை யானை.

வைத்துக்கொள்ளவும் முடியாமல், தள்ளிவிடவும் முடியாமல், செலவை மட்டும் இழுத்துவிடும் உடைமைக்கு ஆங்கிலத்தில் வெள்ளை யானை என்று பெயர். தமிழ்ச் செய்தித்தாள்களும் நட்டத்தில் ஓடும் அரசு நிறுவனங்களையும் ஆள் வராத கட்டடங்களையும் அதே பெயரால் குறிப்பதால், பின்கதையும் நம்மிடையே பரவியிருக்கிறது. இன்று தாய்லாந்து எனப்படும் சயாம் நாட்டு மன்னர்கள், தமக்குப் பிடிக்காத பிரபுவுக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசாக அனுப்புவார்களாம். அரசர் கொடுத்த புனித விலங்கை விற்கவும் கூடாது, வேலை வாங்கவும் கூடாது, பட்டினி போடவும் கூடாது. நாளொன்றுக்கு 150 கிலோ வரை தின்னக்கூடிய உயிருக்குத் தீனி போட்டே பிரபு ஓட்டாண்டியாகிவிடுவாராம். மிக அழகான கதை. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று அன்றாடம் பேசும் தமிழனுக்கு அதில் நம்பாமலிருக்க ஒன்றுமே இல்லை.

ஆனால் சயாமின் வரலாறு இந்தக் கதைக்கு நேர்மாறாக இருக்கிறது. பெயர்தான் வெள்ளையே தவிர, அந்த யானைகள் சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பதில்லை. தோலில் இளஞ்சிவப்புச் சாயலும், வெளிறிய கண்களும், வெளிறிய நகங்களும் கொண்டவை. புத்தரைக் கருவுற்றபோது மாயாதேவி கண்ட கனவில் வந்தது வெள்ளை யானை என்பதால், அத்தகைய யானை கிடைப்பது ஆட்சியின் பேறு என்று தென்கிழக்காசிய பௌத்த அரசுகள் கருதின. நாட்டில் எங்கே கிடைத்தாலும் அது மன்னருக்கே உரியது. அப்படியிருக்க, ஆகாத பிரபுவுக்கு அதைத் தூக்கிக் கொடுப்பது தன் பேற்றையே தானம் செய்வதற்குச் சமம். உண்மையில் மன்னர்கள் அதற்காகச் சண்டையே போட்டிருக்கிறார்கள். 1563இல் பர்மிய மன்னர் பயின்னௌங், சயாமின் அன்றைய தலைநகரான அயுத்தயாவை ஆண்ட மகா சக்கரபத்தியிடம் இரண்டு வெள்ளை யானைகளைக் கேட்டு ஆளனுப்பினார். மறுப்பு வந்ததும் படையெடுத்தார். கேட்டதன் நோக்கம் அயுத்தயாவைப் பணிய வைப்பதுதான் என்றாலும், சாக்காகச் சொல்லப் போதுமான கனம் அந்த விலங்குக்கு இருந்தது. அடுத்த ஆண்டு அயுத்தயா அடிபணிந்து, யானைகளையும் ஒப்படைத்தது. சயாமின் கொடியில் 1916 வரை வெள்ளை யானைதான் இருந்தது. 1861இல் மன்னர் மோங்குட் ஏற்படுத்திய வெள்ளை யானை விருது இன்றும் தாய்லாந்து அரசால் வழங்கப்படுகிறது. நம் பக்கத்திலும் கதை வேறல்ல. இந்திரனின் ஐராவதம் வெள்ளை. திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரரைக் கயிலைக்கு ஏற்றிச் சென்றதும் வெள்ளை யானையே.

இதே மோங்குட், 1861 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் நாட்டுக் காடுகளில் விட்டு இனப்பெருக்கம் செய்ய யானைகளை அனுப்பிவைக்கிறேன் என்று மனமாரச் சொல்லியிருந்தார். இவை சாதாரண யானைகள்தான். கடிதம் போய்ச் சேர்ந்தபோது பதவியில் இருந்தவர் ஆபிரகாம் லிங்கன். உள்நாட்டுப் போரின் நடுவே, 1862 பிப்ரவரி 3 தேதியிட்ட பதிலில் அவர், யானைகள் பெருகும் அளவுக்கு எங்கள் நாடு வெப்ப மண்டலத்துக்குள் நீளவில்லை என்றும், தரையிலும் நீரிலும் போக்குவரத்துக்கு நீராவியே எங்களுக்குச் சிறந்த கருவியாக இருக்கிறது என்றும் கையொப்பமிட்டு அனுப்பினார். வேண்டாத பரிசைக் கொடுத்தவர் முகம் வாடாமல் திருப்பிவிடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல மாதிரியை நான் பார்த்ததில்லை.

மேற்கு நாடுகளில் வெள்ளை யானை பொதுமக்கள் வாயில் கேலிப்பொருளாக ஊறியதில் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னமுக்கும் பங்கு உண்டு. பெரும் செலவில் பர்மாவிலிருந்து வரவழைத்த யானையை 1884இல் அவர் காட்சிக்கு வைத்தபோது, பால்போன்ற நிறத்தை எதிர்பார்த்துச் சீட்டு வாங்கியவர்கள், அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டுகளுடன் நின்ற சாம்பல் நிற யானையைக் கண்டு ஏமாந்தார்கள். போட்டி முதலாளி ஆடம் ஃபோர்பா சாமர்த்தியசாலி. சாதாரண யானைக்கு வெள்ளையடித்தே மேடையேற்றிவிட்டார். அசல் நரைத்துத் தெரிய, போலி பளபளக்க, கூட்டம் எதை நம்பியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இன்றைக்கு இந்தப் பெயர் பெரும்பாலும் கட்டடங்களுக்குத்தான் வைக்கப்படுகிறது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1976 ஒலிம்பிக்குக்காக எழுப்பிய அரங்கம் அதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஓர் ஆணே பிள்ளை பெற்றாலும் பெறலாம், ஒலிம்பிக் நட்டப்படாது என்ற பொருள்பட அப்போதைய மேயர் ஜான் டிராப்போ முழங்கியிருந்தார். கடன் அடைந்து முடிந்தது 2006இல். முப்பது ஆண்டுகள் புகையிலை மேல் போட்ட வரிப்பணமும் அதற்குத்தான் போனது. வட்ட வடிவத்தால் ‘பெரிய ஓ’ என்று அரங்கத்துக்குச் செல்லப்பெயர் இருந்தது. கடன்பட்டிருப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஓ என்றே ஒலிப்பதால், எழுத்தை மட்டும் மாற்றி ‘பெருங்கடன்’ ஆக்கிவிட்டார்கள் ஊர்க்காரர்கள். நமக்கு அருகில் இலங்கையின் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் மத்தல விமான நிலையம் இருக்கிறது. பெரும்பகுதி சீனக் கடனில் கட்டி, ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளை எதிர்பார்த்து, 2013 மார்ச்சில் திறந்தார்கள். விமானங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. 2015இல் அதன் சரக்குக் கிடங்குகளில் நெல்லைச் சேமித்து வைக்கும் யோசனை நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் படையினரும் காவலர்களும் நூற்றுக்கணக்கில் இறங்கி, நிலையத்தைச் சுற்றித் திரிந்த மான், எருமை, யானைகளைப் பட்டாசு வெடித்து விரட்டினார்கள். வந்த யானைகள் எல்லாம் கறுப்புதான். வெள்ளை யானை நகரவில்லை.

சிறு அளவில் இதே பெயர் வீடுகளுக்குள்ளும் புழங்குகிறது. இங்கிலாந்தில் தேவாலயத் திருவிழாக்களில், வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பூச்சாடி, சட்டம் உடைந்த படம் முதலியவற்றை விற்கும் கடைக்கு வெள்ளை யானைக் கடை என்பார்கள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலத்தில், தமக்கு வந்த வேண்டாத பரிசை உறையில் சுற்றிக்கொண்டுபோய் மாற்றிக்கொள்ளும் விருந்துக்கும் அதுவே பெயர். அடுத்தவர் கையில் போய்ச் சேர்ந்தால் உபயோகமாகும் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் அடிப்படை. பித்தளைக் குத்துவிளக்கும் சுவர்க் கடிகாரமும் கல்யாணத்துக்குக் கல்யாணம் கைமாறும் நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

வெள்ளை யானையைவிட வயது முதிர்ந்த தொடர் ஐந்தாவது சக்கரம். 11ஆம் நூற்றாண்டில் லியேஜ் நகரத்து எக்பர்ட் என்ற குரு தம் மாணவர்களுக்காகத் தொகுத்த லத்தீன் பழமொழிகளிலேயே, நமக்கு அலுத்துப்போன ஆள் வண்டிக்கு ஐந்தாவது சக்கரம் என்ற கருத்து வந்துவிடுகிறது. அங்கிருந்து ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று எல்லா மொழிக்கும் அது உருண்டிருக்கிறது. இருவர் தனியாக இருக்க நினைக்கும் இடத்தில் வந்து உட்காரும் மூன்றாமவரை அமெரிக்கர்கள் மூன்றாவது சக்கரம் என்பார்கள், ஆங்கிலேயர்கள் நெல்லிக்காய் போன்ற ஒரு பழத்தின் பெயரால் அழைப்பார்கள். சிவபூஜையில் நுழைந்த கரடியை இந்த இரண்டாலும் மிஞ்ச முடியாது.

வேடிக்கை என்னவென்றால், வண்டித் தொழிலில் ஐந்தாவது சக்கரம் இல்லாமல் காரியம் ஆகாது. குதிரை வண்டிகளின் முன் அச்சு திரும்புவதற்காக அதன்மேல் கிடைமட்டமாக ஒரு வளையம் பொருத்தினார்கள். அதற்கு ஐந்தாவது சக்கரம் என்றே பெயர். இன்று நெடுஞ்சாலையில் போகும் டிரெய்லர் லாரியில், இழுவை வண்டியின் பின்புறம் கிரீஸ் பூசிய வட்டத் தகடு ஒன்று தெரியும். டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த முளை அதன் பிளவுக்குள் வந்து பூட்டிக்கொள்ளும். பல டன் சுமையும் வளைவில் திரும்புவதும் அந்த ஒரு பூட்டை நம்பித்தான். தொழிலில் அதற்கும் பெயர் ஐந்தாவது சக்கரமே.

காருக்கு ஐந்தாவது சக்கரம் வந்த வரலாறு இன்னொன்று. தொடக்க காலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. ஆணி நிறைந்த சாலையில் காற்று இறங்கினால், வழியிலேயே உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்டுப்போட வேண்டும். வேல்ஸின் லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், 1904 வாக்கில், காற்றடைத்த டயருடன் கூடிய ஆரக்கால் இல்லாத சக்கரம் ஒன்றைச் செய்து, காற்று இறங்கிய சக்கரத்தின் பக்கவாட்டில் அதைப் பிணைத்துக்கொண்டு போகும்படி அமைத்தார்கள். தெருவின் பெயரே சரக்கின் பெயராயிற்று. உலகம் முழுவதும் விற்ற அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் சக்கரங்கள் ஓரங்கட்டிவிட்டன. பிரிட்டனில் இன்று அந்தப் பெயர் பேச்சில் இல்லை. ஆனால் ராமநாதபுரத்துப் பஞ்சர் கடையில்கூட ‘ஸ்டெப்னி இருக்கா அண்ணே?’ என்றுதான் கேட்பார்கள். பாதி வழியில் நின்றவனுக்கு இதைவிட வேண்டிய பொருள் வேறில்லை என்றாலும், அதே சொல்லைக் கேலிக்குத் திருப்பி, இருந்தால் சரி இல்லாவிட்டாலும் சரி என்று ஒரு குழுவோடு ஒட்டிக்கொண்டு திரிபவருக்கும் பட்டப்பெயராக வைத்துவிட்டோம். லத்தீன் குரு தொடங்கிய கேலி தமிழில் வேறு சொல்லோடு, வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

பணத்தின் பெயரால் திட்டும் தொடர்கள் வேறு வகை. இங்கே பொருள் இடம் மாறியதாகச் சொல்ல முடியாது. உண்மையிலேயே மதிப்பற்றுப் போனதுதான். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்துப் போரிடத் தொடங்கிய 1775இல், வரி போடும் அதிகாரமில்லாத கான்டினென்டல் காங்கிரஸ், காகிதப் பணத்தை அச்சடித்து அதைக் கொண்டே படை நடத்தியது. அச்சடித்துக்கொண்டே போனதால் விலைவாசி ஏறியது. பிரிட்டிஷ் தரப்பு கள்ளநோட்டுகளை வேறு புழக்கத்தில் விட்டது. 1777இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில், கள்ளநோட்டுகள் காகிதத்தின் விலைக்கே கிடைக்கும் என்று பகிரங்கமாக விளம்பரமே வந்தது. 1780இல் காங்கிரஸ், 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று தானே மதிப்பைக் குறைத்துக்கொண்டது. முடிதிருத்தும் கடைகள் அந்த நோட்டுகளைச் சுவரில் ஒட்டியதாகக்கூடப் பதிவுகள் உண்டு. ‘ஒரு கான்டினென்டல் பெறாது’ என்ற அமெரிக்கத் தொடரின் பிறப்பு அது. நம்முடைய சல்லிக்காசு பெறாததும், செல்லாக்காசு ஆவதும் இதே வகை.

இந்த வகையில் இந்தியாவுக்குத் தொடர்புள்ள ஒரு கதையும் உண்டு, அதுவும் வெள்ளை யானைக் கதையைப் போலவே நம்பத் தகாதது. எதையும் பொருட்படுத்தாததைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘டேம்’ (damn) என்ற ஒரு சாபச் சொல்லை வைத்து, அது பெறாது, அதைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்பார்கள். அந்தச் சாபச் சொல் உண்மையில் முகலாயர் காலச் செப்புக்காசான ‘தாம்’ என்று ஒரு விளக்கம் எழுந்தது. அக்பர் காலத்தில் 40 தாம் சேர்ந்தால் ஒரு ரூபாய். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இந்த ஊகத்துக்கு இடம் கொடுத்ததால் அது நன்றாகப் பரவியது. அதன் ஆசிரியர்கள் இருவரில் ஒருவரான ஆர்தர் கோக் பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தபடியே அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நூல் அச்சாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். பின்னால் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள், விளக்கம் சாமர்த்தியமானது, ஆதாரம்தான் இல்லை என்று அதை ஒதுக்கினார்கள். சாபம் சாபமாகவே இருந்திருக்கிறது.

உண்மையிலேயே மட்டமான சரக்கைக் குறிக்கும் இன்னொரு சொல் எலுமிச்சை. வாங்கின நாளிலிருந்தே தொல்லை கொடுக்கும் காரை அமெரிக்கர்கள் அப்படி அழைப்பார்கள். புதுக் கார் வாங்கினால் நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்புவோம் என்ற நம் பழக்கத்தை அவர்களிடம் சொன்னால் என்ன நினைப்பார்களோ தெரியவில்லை. 1960இல் வோக்ஸ்வாகன் நிறுவனம், குறையில்லாமல் தெரிகிற தன் காரின் படத்துக்குக் கீழே ‘எலுமிச்சை’ என்ற ஒரே சொல்லைத் தலைப்பாகப் போட்டு விளம்பரம் செய்தது. உள்ளே இருக்கும் சிறுபெட்டியின் பளபளப்புப் பட்டையில் ஒரு கறை இருந்ததால், கர்ட் கிரோனர் என்ற பரிசோதகர் அந்தக் காரையே நிறுத்திவிட்டார் என்பது அடியில் இருந்த விளக்கம். பத்தாண்டு கழித்து, 1970இல், பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப், பழைய கார் விற்பவனுக்கு அதன் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது, அதனால் வாங்குபவன் எதற்கும் மலிவு விலையே தர முன்வருவான், நல்ல கார் வைத்திருப்பவன் விலை கட்டாமல் விலகுவான், கடைசியில் சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும் என்று காட்டி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய கட்டுரை அது. 2001இல் நோபல் பரிசு அதற்காகவே வந்தது. 1982இல் கனெக்டிகட் மாநிலம் குறையுள்ள புதுக் காரைத் திருப்பிக் கொடுக்க வழிசெய்து போட்ட சட்டத்துக்கு எலுமிச்சைச் சட்டம் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

வேண்டாமை ஒன்றை மட்டுமே சொல்லும் தொடர்களில், தலையில் ஓட்டை விழுவது எனக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை என்பது, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்து நியூயார்க் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘மீனுக்குச் சைக்கிள் எவ்வளவு தேவையோ, பெண்ணுக்கு ஆண் அவ்வளவு தேவை’ என்ற வாசகத்தை உலகம் நெடுங்காலம் அமெரிக்கப் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் சொன்னதாக நம்பியது. 2000இல் டைம் இதழுக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தியவர் ஸ்டைனமே. எழுதியவர் ஆஸ்திரேலியாவின் இரீனா டன். 1970இல் சிட்னியில் மாணவியாக இருந்தபோது, கடவுளைப் பற்றித் தாம் படித்த ஒரு வாக்கியத்தைச் சற்றே மாற்றி, பல்கலைக்கழகக் கழிப்பறைக் கதவிலும் ஒரு மதுக்கடைக் கழிப்பறைக் கதவிலும் கிறுக்கிவைத்தார். பிற்காலத்தில் அவர் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினராகவும் இருந்தார்.

எடுபடாமல் விழுந்த நகைச்சுவையை ஈயத்தில் செய்த பலூன் என்பார்கள். இதையும் ஒருவர் விட்டுவைக்கவில்லை: 2008இல் மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சிக் குழுவினர், தொட்டால் கிழிந்துவிடும் ஈயத் தகட்டை ஒட்டிப் பெரிய பலூன் செய்து, ஹீலியம் நிரப்பிப் பறக்கவே விட்டார்கள்.

எல்லாவற்றிலும் அதிகமாக நடைமுறை புரட்டிப்போட்ட தொடர் நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது. திருநெல்வேலிக்கே அல்வாவா என்று நாம் கேட்பதைத்தான் ஆங்கிலேயர் அப்படிக் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊருக்கு, 1530ஆம் ஆண்டின் சட்டமொன்று ஆற்றுப்பகுதி நிலக்கரி முழுவதையும் தன் துறை வழியாக மட்டுமே அனுப்பும் உரிமையைக் கொடுத்தது. 1600இல் எலிசபெத் அரசி அந்த ஏகபோகத்தை ஊர் வணிகர் குழுவுக்குச் சாசனமாகவே எழுதிக்கொடுத்தார். லண்டனின் அடுப்புகள் எரிந்தது அங்கிருந்து கப்பலில் வந்த ‘கடல் கரி’யால்தான். 1640களின் உள்நாட்டுப் போரில் நியூகாசில் அரசர் பக்கம் இருந்து, கரி வருவது நின்றபோது லண்டன் குளிரில் நடுங்கியது. இப்படிப்பட்ட ஊருக்கு நிலக்கரி கொண்டுபோவதைவிட வீண்வேலை இருக்க முடியாது என்று நினைத்ததில் தவறில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த திமோதி டெக்ஸ்டர் என்ற கோமாளி வணிகர், யாரோ கேலியாகச் சொன்னதை நம்பிக் கப்பல் நிறையக் கரி அனுப்பியதாகவும், அது போய்ச் சேர்ந்த நேரத்தில் அங்கே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்ததால் கொள்ளை இலாபம் கண்டதாகவும் ஒரு கதை உலவுகிறது. கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

கதையில் நடந்தது பின்னால் கதையில்லாமலே நடந்தது. அந்த வட்டாரத்தின் கடைசிப் பெரிய ஆழ்சுரங்கமான எலிங்டன் 2005 ஜனவரியில் மூடப்பட்டது. பிரிட்டனின் அனல்மின் நிலையங்களுக்கு மட்டும் கரி தேவைப்பட்டுக்கொண்டிருந்ததால், அதே டைன் துறைமுகத்தில் வெளிநாட்டு நிலக்கரி வந்து இறங்கியது. பழமொழியைக் கேலி செய்து தலைப்பிட உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு நல்ல வாய்ப்பாகப் போயிற்று. 2015 டிசம்பரில் நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் மின்நிலையம் நிறுத்தப்பட்டதோடு, பிரிட்டனில் நிலக்கரியால் மின்சாரம் எடுப்பது முடிந்தது. ஆகவே அந்தத் தொடர் மறுபடியும் உண்மையாகியிருக்கிறது, காரணம்தான் வேறு: முன்பு நியூகாசிலுக்கு நிலக்கரி வேண்டாதிருந்தது, அங்கே அது மலிந்து கிடந்ததால், இப்போது வேண்டாதிருப்பது, எரிக்க உலை இல்லாததால்.